வாசலிலிருந்து சாலை வரை 40 மீட்டர்

பனி என்ற சொல் நம் ஊரில் மிகவும் சாதுவானது. மார்கழிக் காலையில் கோலத்தின் நடுவே வைத்த பூசணிப்பூவை ஈரமாக்கும். மப்ளர் கட்டாமல் கடற்கரைச் சாலையில் நடந்தால் இரண்டு தும்மல் வரும். வெயில் ஏறினால் போய்விடும். அதே சொல்லைத்தான் கனடாவில் ஆறு மாதம் வாசலை மூடிக்கிடப்பதற்கும் வைத்திருக்கிறோம். நமக்குத் தேவைப்படவில்லை, அதனால் தனிச் சொல் உண்டாகவில்லை.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் இரண்டு சொல்தா வீடுகள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அதில் ஒருவர் சாயங்காலத் திண்ணையில் உட்கார்ந்து, முழங்கால் வரை பனியில் நடந்த கதை சொல்வார். பள்ளியில் 'நேழ்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி எழுதக் கற்ற எங்களுக்கு அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வாத்தியாரே பார்த்ததில்லை.

நான் அதைப் பார்க்க எழுபது வயது ஆகவேண்டியிருந்தது. என் மகள் கியூபெக் மாகாணத்தில் நர்ஸாக இருக்கிறாள். மாண்ட்ரியாலிலிருந்து கிழக்கே 80 கிலோமீட்டர் தள்ளி, கிரான்பி என்ற ஊருக்கு வெளியே வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்டோபர் கடைசியில் போய், ஏப்ரலில் திரும்பினேன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு சின்ன டிராக்டர் ஓட்டினேன். கேட்டவர்கள் எல்லாம் சிரித்ததால் விவரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பாஷை. கியூபெக்கில் பிரெஞ்சு பேசுகிறார்கள், நமக்கென்ன கவலை என்று தைரியமாகத்தான் போனேன். முதல் பனிப்புயல் அன்று ரேடியோவில் சாலையெங்கும் 'பூத்ரெரி' இருக்கிறது, எச்சரிக்கை என்றார்கள். நாங்கள் படித்த பிரெஞ்சில் பூத்ரெரி என்றால் வெடிமருந்துத் தொழிற்சாலை. அங்கே அது காற்றில் மாவுபோல் பறக்கும் பனி. காற்றடித்துக் குவிந்த பனி மேட்டுக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் 'கோன்ழேர்' என்று பெயர். அவர்களுக்கு அது 'பாங் து நேழ்', பனி பெஞ்சு. வீட்டு வாசலிலிருந்து சாலை வரை கார் வரும் வழி 'ஆந்த்ரே'. பனியை உறிஞ்சித் தூர வீசும் இயந்திரம் 'சூஃப்லேஸ்'. பிரான்ஸ் நாடக மேடையில் நடிகர் வசனம் மறந்தால் ஒளிந்திருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான்.

மகள் வீட்டு ஆந்த்ரே 40 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம். மாடியில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்? பரப்பு 140 சதுர மீட்டர். ஒரே ராத்திரியில் 20 செ.மீ. பனி விழுவது அங்கே அபூர்வமில்லை. அப்படியானால் 28 கன மீட்டர். புதுப் பனி லேசானது, கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 2,800 கிலோ. மண்வாரிக்கு 5 கிலோ என்று அள்ளினால் 560 தடவை. ஈரப் பனி என்றால் எடை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அள்ளி முடித்த பிறகு நகரசபையின் பெரிய வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது, நம் வழியின் வாயில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். அந்த வரப்பு பஞ்சு இல்லை, கல். உப்பும் சேறும் ஐஸும் சேர்ந்து இறுகியது.

அதைத் திரும்பச் சாலையில் தள்ளிவிடவும் முடியாது. பொதுச் சாலையில் பனியைக் கொட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். அவரவர் பனி அவரவர் மனைக்குள்ளேதான் இருக்கவேண்டும்.

மண்வாரியால் அள்ளுவது வயதானவர்களுக்கு ஆபத்து. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குகிறோம். பெரும் பனி பெய்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் கியூபெக்கிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால் பெரும்பாலோர் பருவத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசிவிடுகிறார்கள். நவம்பரில் தரை இறுகுமுன் வழியின் இரண்டு பக்கமும் கொம்பு நட்டு, மேலே ஒளிரும் பட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். பனி மூடிய பிறகு வழி எது, புல்தரை எது என்று தெரிவது அந்தக் கொம்புகளால்தான். மகள் வீட்டுக்கும் ஓர் ஒப்பந்தக்காரர் இருந்தார். பருவம் முழுவதற்கும் பணத்தை முன்கூட்டி வாங்கியவர், ஜனவரி நடுவில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில். திங்கள் போனால் வெள்ளி இரவுதான் வருவார். மகளுக்குக் காலை ஏழு மணி டியூட்டி. முதியோர் பராமரிப்பு இல்லம். ராத்திரி நர்ஸ் காத்திருப்பார், இவள் போனால்தான் அவர் வீட்டுக்குப் போகலாம். அந்த வாரம் இரண்டு நாள் நாலு மணிக்கு எழுந்து தனியாக மண்வாரியோடு நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, நீங்க வெளியே வரக்கூடாது. இன்சூரன்ஸ் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்பாள். பிள்ளைகள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன வயதானவர்களுக்கு இந்த நிலைமை தெரியும். காபி நம் கைக்கு வரும், மாத்திரை நம் கைக்கு வரும், நாம் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

சாலைக்கு எதிர்ப்பக்கத்து வீட்டில் 82 வயதுப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். முன்பு மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். பிள்ளைகள் மேற்கே ஆல்பெர்ட்டா பக்கம். அவரிடம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி குபோட்டா டிராக்டர் இருந்தது. 23 குதிரைச் சக்தி, டீசல். முன்னால் ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்குச் சூஃப்லேஸ். முழங்கால் ஒத்துழைக்காததால் அவரால் இனி அதில் ஏற முடியவில்லை. மாப்பிள்ளை அதை விலைபேசினார். பெரியவர் விலையைக் குறைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்: அவர் வீட்டு வழியையும் சேர்த்துச் சுத்தம் செய்யவேண்டும்.

"வார நாளில் யார் ஓட்டுவது?" என்று மகள் கேட்டாள். "நான்தான்" என்றேன். வீட்டில் கொஞ்ச நேரம் சத்தம். கடைசியில் மாப்பிள்ளைதான், "மாமா உட்கார்ந்துதானே ஓட்டப்போறார், தூக்கவா போறார்?" என்று முடித்துவைத்தார்.

பெரியவர் எனக்கு ஒரு வாரம் பாடம் எடுத்தார். முதல் நாளே என்னைத் 'த்யூ' என்று கூப்பிட்டார். நம் 'நீ' மாதிரி. எங்கள் பள்ளியில் மூத்தவரை அப்படி அழைத்தால் பிரம்படி. அங்கே எல்லோரும் அப்படித்தான் என்று மகள் சொன்னாள். நான் மட்டும் அவரை விடாமல் 'வூ' என்றே மரியாதையாக அழைத்துவந்தேன்.

அவர் சொல்லித்தந்ததை அப்படியே எழுதுகிறேன். கிளப்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இன்ஜினைச் சூடாக்கும் வயரை மின்சாரத்தில் மாட்டவேண்டும். குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசல்தான் ஊற்றவேண்டும், சாதாரண டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பின்சக்கரங்களுக்குச் சங்கிலி, பின்பக்கம் பாரம். இல்லாவிட்டால் முன்னால் தொங்கும் இயந்திரத்தின் எடையில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். 20 செ.மீ. விழட்டும் என்று காத்திருக்காமல், 10, 15 விழுந்ததுமே ஒருமுறை எடுத்துவிடவேண்டும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வரவேண்டும். காற்று போகும் திசையில்தான் வீசவேண்டும், எதிர்த்து வீசினால் எல்லாம் நம் முகத்துக்கே வரும். டிசம்பரிலேயே முடிந்தவரை தூரமாக வீசவேண்டும், பிப்ரவரியில் போட இடம் இருக்காது.

இயந்திரத்தின் வேலை எளிது. முன்னால் திருகாணி போன்ற பெரிய சுருள் பனியைக் கடித்து நடுவுக்குத் தள்ளும். அதன் பின்னால் வேகமாகச் சுற்றும் விசிறி அதைப் புகைபோக்கி போன்ற குழாய் வழியாகத் தூக்கி எறியும். சுருளின் தண்டில் ஒரு சின்ன போல்ட் இருக்கிறது. கல்லோ, ஐஸ் கட்டியோ சிக்கினால் அந்த போல்ட் முறிந்துவிடும். முறிவதற்காகவே வைத்த போல்ட் அது. அது முறியாவிட்டால் கியர் பெட்டி உடையும். "சில காசு போல்ட் போகட்டும், பெட்டி பிழைக்கட்டும்" என்பார். கோட்டுப் பையில் எப்போதும் மூன்று போல்ட், ஒரு ஸ்பேனர். குழாய் அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் குச்சியால்தான் குத்தவேண்டும், கையை விடவே கூடாது. அந்தப் பக்கத்தில் விரல் இல்லாத இரண்டு பேரை அவருக்குத் தெரியும். கையை எனக்கு நீட்டி, பத்து விரலையும் எண்ணிக் காட்டினார்.

இந்தச் சூஃப்லேஸ் கியூபெக்கில் பிறந்ததுதான். ஆர்தூர் சிகார் என்பவர் 1925-இல் செய்தார். கதிரடிக்கும் இயந்திரம் தானியத்தை இழுத்து உமியை வீசுவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பார்கள். 1927-இல் மாண்ட்ரியாலை ஒட்டிய ஊத்ரமோன் நகரசபை ஒன்றை வாங்கியது.

மகள் வீட்டிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில் வால்கூர் என்ற சிற்றூர். ஸ்கி-டூ பனி வண்டி பிறந்த ஊர். அங்கே ழோசப்-அர்மான் பொம்பார்தியே பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அவர் ஒரு மோட்டார் மெக்கானிக். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் குளிர்காலத்தில் பனி அள்ளுவதே கிடையாது. குதிரைச் சறுக்கு வண்டிதான். 1934-இன் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. வழியெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்கு நேரத்தில் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பனி மேல் ஓடும் வண்டிக்கு முயன்றுகொண்டிருந்தார். 1937-இல் ஏழு பேர் உட்காரும் வண்டி விற்பனைக்கு வந்தது. அதை மருத்துவர்களும் ஆம்புலன்ஸாகவும் பயன்படுத்தினார்கள். 1959-இல்தான் ஸ்கி-டூ. இன்று அது விளையாட்டு வண்டி என்று பெயர் வாங்கிவிட்டது. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் என் மகள் ரொம்ப நேரம் நின்றாள்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஒரு ராத்திரி. மாலையில் தொடங்கிய பனி விடவில்லை. நாலு மணிக்கு எழுந்து அளவுகோலை நட்டுப் பார்த்தால் 18 செ.மீ. வெளியே மைனஸ் 17 டிகிரி. வண்டியைக் கிளப்பி எங்கள் வழியில் பாதி தூரம் வந்திருப்பேன். எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. அவர்கள் ஆறு மணிக்கு முன் எழுவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கதவு திறந்தது. பெரியவர் சட்டையோடு வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

எங்கள் வழியை அப்படியே விட்டுவிட்டு, மெதுவாகப் பனியை அறுத்துக்கொண்டு சாலைக்கு வந்து, எதிர்ப்பக்கம் திரும்பினேன். அவர் மனைவி குளியலறைக்குப் போகும்போது விழுந்துவிட்டாராம், எழ முடியவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் நகரசபை வண்டி அப்போதுதான் போயிருந்தது. அவர் வழியின் வாயில் முழங்கால் உயரத்துக்கு வரப்பு. அதைத் தாண்டி உள்ளே 25 மீட்டர் பனி. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக முடியாது.

வரப்பை மெல்ல மெல்லக் கடிக்கவைத்தேன். மூன்றாம் முறை 'டக்' என்று ஒரு சத்தம். விசிறி சுற்றுகிறது, சுருள் சுற்றவில்லை. போல்ட் போய்விட்டது. இன்ஜினை நிறுத்தி இறங்கினேன். அதற்குள் மகள் ஓடிவந்துவிட்டாள். டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகப் போனவள், என் கையைப் பார்த்துவிட்டு நின்றாள். கையுறையோடு போல்ட்டைப் பிடிக்க முடியாது, கழற்றினால் ஒரு நிமிஷத்தில் விரல் மரத்துப்போகும். "நீ உள்ளே போம்மா. அவங்கதான் முக்கியம்" என்றேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். சுருளைத் திருப்பி, ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்து, முறிந்த துண்டைத் தட்டி, புது போல்ட்டை விட்டேன். முதல் போல்ட் கைநழுவிப் பனியில் விழுந்து காணாமல் போயிற்று. இரண்டாவது உள்ளே போயிற்று. பெரியவர் ஏன் மூன்று என்றார் என்பது அப்போது புரிந்தது.

ஒரே ஒரு வண்டி அகலத்துக்கு வழி எடுத்து, வாசற்படி வரை போய்த் திரும்பும்போது சாலையில் சிவப்பு விளக்கு தெரிந்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். ஆம்புலன்ஸ் நேரே வாசற்படி வரை வந்தது. உள்ளே மகள் அந்த அம்மாவை அசைக்கவிடாமல், கம்பளியைப் போர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாளாம். இடுப்பு எலும்பு முறிவு. அன்றே ஆபரேஷன். ஏழு வாரம் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு பெரியவரும் நானும் அவர் சமையலறையில் உட்கார்ந்தோம். காபி போட எழுந்தவருக்குக் கை நடுங்கியது. "த்யூ உட்காரு, நான் போடறேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக 'வூ' போய் 'த்யூ' வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. சர்க்கரை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

இதில் வீரம் ஒன்றும் இல்லை. அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான பேர் தினம் செய்கிற வேலை. ஆனால் திரும்பிவந்த பிறகு நான் அடிக்கடி நினைப்பது வாசலிலிருந்து சாலை வரை உள்ள அந்தச் சின்ன தூரத்தைத்தான். அரசாங்கம் நெடுஞ்சாலை போடும், ஆஸ்பத்திரி கட்டும், ஆம்புலன்ஸ் அனுப்பும். கடைசி 25 மீட்டர் யார் பொறுப்பு?

நமக்கும் இது புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த காலையில் நம் தெருக்களில் மரம் விழாத தெரு உண்டா? கத்தி, அரிவாள், ரம்பம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பையன்கள் இறங்கினார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் அன்று ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். ஒரு செ.மீ. மழைத் தண்ணீர் பனியாக விழுந்தால் சுமார் 10 செ.மீ. வரும். அன்று நம் ஊரில் பெய்தது பனியாக இருந்தால் நாலரை மீட்டர், மாடி வீட்டு ஜன்னல் மூடும். அந்த நாளில் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினொரு வீடு. பாதிப் பேரின் பிள்ளைகள் பாரிஸிலும் டொராண்டோவிலும். அவர்களில் யார் வீட்டு முன்னறையில் தண்ணீர் ஏறும், யாருக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது, யார் மாடிப்படி ஏற முடியாது என்று இப்போது ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரிடம் ஒரு பிரதி, கயிறு கட்டிய காற்றடித்த டியூப் இரண்டு என் வீட்டு மாடியில். அக்டோபர் பிறந்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை சரிபார்ப்போம். வசதி உள்ள வாசகர்கள் தங்கள் தெருவுக்கும் அப்படி ஒன்று எழுதி வைக்கலாம். அரை மணி நேர வேலை.

கிரான்பியில் நான் ஒரு பதிவேடு வைத்திருந்தேன். தேதி, பனியின் அளவு, ஓட்டிய நேரம், டீசல், முறிந்த போல்ட், குறிப்பு என்று ஆறு பத்தி. ஏப்ரலில் கூட்டிப் பார்த்தேன்: 26 நாள், 31 மணி நேரம், ஐந்து போல்ட். அதை டிராக்டர் கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். இப்போது மாப்பிள்ளை உள்ளூரிலேயே வேலை மாற்றிக்கொண்டுவிட்டார், அவரே ஓட்டுகிறார், பதிவேட்டையும் அவரே எழுதுகிறார். போன டிசம்பரில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். குறிப்புப் பத்தியில் எல்லா நாளும் ஒரே வரி: எதிர்வீடு முதலில்.